வெள்ளைக் கோடு எந்தப் பக்கம்

நெத்திலியின் தலையை நகத்தால் கிள்ளி, கிள்ளின வாக்கிலேயே கீழே இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும், அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். விரல் தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருக்க, பொற்கொடியின் காது மட்டும் பழைய சேலையில் கட்டின திரைக்கு அந்தப் பக்கம், முன்னறையில், நந்தகோபால் சாரின் குரலில் மாட்டிக்கொண்டு கிடந்தது. கரண்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக மெயின்டனன்ஸ் என்று காலையிலேயே பிடுங்கிவிட்டான். தூளிக்குள்ளே இலக்கியா வேர்வையில் நனைந்து ஒரு கால் வெளியே தொங்கத் தூங்குகிறாள், மேலே காத்தாடி செத்துப்போய் நிற்கிறது, கரண்டு வந்தால் பிள்ளைக்குத் தேவலை என்று ஒரு மனசு, வந்தால் அவ்வளவுதான் என்று இன்னொரு மனசு. வந்ததும் அவள் புருஷன் மாசிலாமணி, சார் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிற ரெக்கார்டு பிளேயரின் பொத்தானை அமுக்குவான். அமுக்கினால் அதன் வயிற்றுக்குள், போர்டில், கரண்டு வந்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவள் நேற்று பற்றவைத்த கண்டென்சர், புளியங்கொட்டை அளவு, நீலம், அதற்கு இரண்டு கால், ஒரு கால் கூடுதல் ஒரு கால் குறைச்சல், அதாவது பிளஸ்ஸும் மைனஸும், குறைச்சல் காலின் பக்கம் உடம்பில் வெள்ளைக் கோடு போட்டிருப்பான், அந்த வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது? சுவர்ப் பக்கமா, வாசல் பக்கமா? நேராக வைத்தாளா, தலைகீழாக வைத்தாளா? கிள்ளு, இழு, சட்டியில் போடு. சுவர்ப் பக்கம்தான். சுவர்ப் பக்கம் என்று நினைத்த உடனே விரல் நின்றுவிட்டது, ஏனென்றால் நடுவில் போர்டைத் திருப்பினாள் அல்லவா, பிள்ளையை இடது மடியிலிருந்து வலது மடிக்கு மாற்றினபோது போர்டையும் சேர்த்துத் திருப்பித்தானே வைத்தாள், அப்படியென்றால் சுவர் எது வாசல் எது.

பொட்டு இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. மற்ற ரிப்பேர்க்காரர்கள் கழற்றுவதற்கு முன்னால் செல்லில் படம் பிடித்து வைத்துக்கொள்வார்களாம், இவர்கள் செல்லில் எடுத்தால் சின்னது எல்லாம் புகை மாதிரித்தான் விழும், அதனால் பொற்கொடி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். கடுகு மாதிரிக் கறுப்புப் பொட்டு, பாக்கெட்டில் வருமே, அது. பழைய கண்டென்சரின் வெள்ளைக் கோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போர்டில் ஒரு பொட்டு, அப்புறம் கழற்று, அப்புறம் புதுசின் வெள்ளைக் கோடு பொட்டைப் பார்த்தமாதிரி உட்காரணும், முடிந்தது. இது அவளாகக் கண்டுபிடித்த வழி, மாசிலாமணி முதலில் சிரித்தான், போர்டுக்கெல்லாம் சீமந்தம் பண்றியா என்று கேட்டான், அப்புறம் அவனே கடையில் பொட்டு பாக்கெட் வாங்கி வர ஆரம்பித்தான். போர்டிலேயே எது கூடுதல் எது குறைச்சல் என்று வெள்ளையில் அச்சடித்திருக்கும்தான், ஆனால் அதை நம்பாதே என்பான். பழசு எப்படி உட்கார்ந்திருந்ததோ அப்படியே புதுசு உட்காரணும், அச்சடித்தவனுக்கும் தூக்கம் வந்திருக்கும், ஒரு இடத்தில் மாற்றி அடித்திருப்பான், அந்த ஒரு இடம் போதும் என்பான். அது எந்த மாடலைப் பற்றிச் சொன்னது? இதே மாடலா, இல்லை போன மழைக்கு வந்ததே, மூடி உடைந்த ஒன்று, அதுவா? நேற்று எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி ஒன்று பாக்கி. பழசைக் கழற்றியாகிவிட்டது, புதுசு கையில் இருக்கிறது, பற்றவைக்கிற அயன் சூடாக இருக்கிறது, அந்த நேரம் பார்த்து இலக்கியா எழுந்து வீல் என்று அழுதாள். அயனைத் தாங்கியில் வைத்துவிட்டு மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு வாய் ஒரு இடம், கை ஒரு இடம். கை போர்டின் மேல் போய் எதையோ நோண்டிக்கொண்டிருந்தது, குனிந்து பார்த்தால் பிள்ளையின் முட்டியில் கறுப்பாக ஒரு பொட்டு. பொற்கொடி சிரித்துவிட்டாள். சிரித்தாளே, அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. முட்டியில் பொட்டு வைத்த பிள்ளையைப் பார்த்து, என் ராசாத்திக்கு முட்டியில நெத்தியா என்று கொஞ்சிவிட்டு, மடி மாற்றி, போர்டைத் திருப்பி, மறுபடி அயனை எடுத்து, அப்புறம்? அப்புறம் பற்றவைத்திருக்கிறாள். அச்சைப் பார்த்து வைத்தாளா, பழசை ஞாபகம் வைத்து வைத்தாளா? அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. துணி துவைத்தபோது சாயம் போன இடம் மாதிரி வெளுப்பாக இருக்கிறது. கழற்றிப் போட்ட பழசு டிபன் மூடியில்தான் கிடக்கிறது, ஆனால் கழற்றினது எங்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லுமா.

முன்னறையில் நந்தகோபால் சார் சிரிக்கிறார். நல்ல மனுஷன். தாம்பரத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார், கரண்டு இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போகாமல், இருக்கட்டும் மாசி, வந்ததுக்கு ஓட விட்டுப் பார்த்துட்டே போறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், துணிப்பையில் ஒரு ரெக்கார்டு வேறு கொண்டுவந்திருக்கிறார், அதை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று டீ கொடுக்கப் போனபோது பார்த்தாள். பார்த்தாள் என்றால் ரெக்கார்டைத்தான், முகத்தை அல்ல. வெளி ஆட்கள் முகத்தை அவளால் பார்க்க முடியாது, கல்யாணப் போட்டோவிலேயே எல்லாவற்றிலும் குனிந்துதான் இருக்கிறாள், ஆறாவதோடு நின்றதற்குக் கூட அதுதான் காரணம், டீச்சர் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டைக்குள் இறங்கிவிடும். சார் சொல்லிக்கொண்டிருக்கிறார், பெல்ட்டுல ஓடறது எல்லாம் ஒரு மெஷினா மாசி, தட்டுக்கு அடியிலேயே காந்தம், தட்டேதான் மோட்டார், அந்தக் காலத்து ஜப்பான்காரன் மூளை. மாசிலாமணி ஆமா சார் ஆமா சார் என்கிறான். சார் இன்னொன்றும் சொன்னார், அதைச் சொன்னபோது பொற்கொடியின் விரல் ஒரு மீனை நசுக்கிவிட்டது. உங்க கை வேலையை ஒரு வீடியோ எடுக்கணும் மாசி, அந்தச் சின்னச் சின்னக் காலையெல்லாம் எப்படித்தான் பத்த வைக்கிறீங்களோ, எங்க ரெக்கார்டு குரூப்புல போட்டா மெட்ராஸ்ல இருக்கிற அத்தனை மெஷினும் உங்க வாசல்லதான். அதுக்கென்ன சார் எடுக்கலாம், கரண்டு வரட்டும் என்று மாசிலாமணி சிரித்தான். எலும்பில்லாத சிரிப்பு. அவளுக்கு மட்டும் கேட்டது.

மாசிலாமணியின் அந்தக் கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி கிடையாது. மழையில் வண்டியோடு சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது, எலும்பு கூடிவிட்டது, விரலுக்கு மட்டும் உயிர் திரும்பவில்லை. தேறி மறுபடி வேலைக்கு உட்கார்ந்த முதல் நாள், பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குக் கருகின வாசனை வந்தது, போர்டு கருகுகிறது என்று நினைத்தாள், பார்த்தால் அயன் அவன் விரலில் சாய்ந்திருக்கிறது, அவன் தெரியாமல் ஈயத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அவள் கையிலிருந்து டார்ச் அவன் கைக்குப் போனது, அயன் அவள் கைக்கு வந்தது. யாரும் பேசி முடிவு பண்ணவில்லை. எங்கே பழுது என்று கண்டுபிடிப்பது இன்னமும் அவன்தான், காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவான், கழற்றுவதும் பற்றவைப்பதும் மட்டும் அவள். அவளுடையது என்று ஒன்று உண்டென்றால் மூக்கு. பழைய கண்டென்சர் உள்ளே கசிந்திருந்தால் அதன் காலில் அயன் பட்டதும் ஒரு வாசனை எழும்பும், வெயிலில் மறந்துபோய் விட்டுவிட்ட மீன் வாசனை. முதல் தடவை அவள் மீனு நாறுது மாமா என்றபோது, காசிமேட்டுக்காரிக்கு எல்லாம் மீன்தான் என்று சிரித்தான், தூக்கிப் பார்த்தால் அடியில் நிஜமாகவே பிசுபிசு என்று கசிந்து கிடந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றையும் மோந்து பார்க்கச் சொல்வான். இது வெளியில் யாருக்கும் தெரியாது. பொண்டாட்டி பத்த வெக்கிறான்னு தெரிஞ்சா எவன் மெஷின குடுப்பான் என்று ஒரு தடவை சொன்னான், கோபத்தில் இல்லை, மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி. அவளுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது. திரைக்குப் பின்னால் இருப்பது நிம்மதி. இருந்தது. இப்போது அந்தத் திரையே முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறது.

போய்ச் சொல்லிவிடலாம். மாமா கொஞ்சம் வாங்க என்று கூப்பிட்டு, காதில் சொல்லிவிடலாம். சொன்னால்? அவன் அடிமூடியைத் திறக்கணும். திறந்தால் சார் செல்லை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிவார். கண்டென்சர் தலைகீழாக இருந்தால் அந்த இடத்திலேயே திருப்பிப் பற்றவைக்கணும், யார் வைப்பது, அந்த இரண்டு செத்த விரலா? சார் வீடியோ எடுக்க எடுக்க, அயன் விரலில் சாய, கருகின வாசனை. சொல்லாமல் இருந்தால்? நேராக இருந்துவிட்டால் ஒன்றுமில்லை, தட்டு சுற்றும், சார் ரெக்கார்டைப் போடுவார், கதை முடிந்தது. தலைகீழாக இருந்தால் உப்பும், வெடிக்கும், அது வெடித்தாலும் பரவாயில்லை, அது போகிறபோக்கில் பக்கத்திலிருக்கிற ஐசியையும் கூட்டிக்கொண்டு போகும். தட்டை ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்துவதே அந்த ஐசிதான், அதை இப்போது உலகத்தில் எவனும் செய்வதில்லை. கட்டிலுக்கு அடியில் ஒன்று கிடக்கிறதே, யாரோ எவனோ கை வைத்து ஐசி போனது, பளபள என்று அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை, ஆனால் பிணம். சாருடையதும் அப்படி ஆகிவிடும். மாசி கை பட்டா சுத்தும் என்று ஊரெல்லாம் சொல்வது ஒரு நொடியில் மாசி கை பட்டா போகும் என்று ஆகிவிடும், அது அவன் கையே இல்லை, ஆனாலும் அவன் கைதான். வயருக்கு நடுவே காவலுக்கு ஒரு சீரீஸ் பல்பு போட்டுத்தான் கரண்டு கொடுப்பான், அது காப்பாற்றாதா? பெரிய பழுது இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், இத்தனூண்டு கண்டென்சரை அது கண்டுகொள்ளாது, யானையைப் பிடிக்கிற கயிற்றில் எறும்பு மாட்டுமா. காலையில் அடிமூடியை முடுக்கும்போது கேட்டானே, எல்லாம் பாத்துட்டியா என்று. தலையை ஆட்டினாளே. எதற்கு ஆட்டினாள்? பிள்ளை இட்லியைத் தரையில் பூசிக்கொண்டிருந்தது, பால் பொங்கிக்கொண்டிருந்தது, அப்போது இந்தப் பயமே இல்லை, மீனில் கை வைத்து உட்கார்ந்த பிறகுதானே எங்கிருந்தோ வந்து பிடித்துக்கொண்டது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். மீன். இது நெத்திலி மீனா, நேற்றைய மீனா? பைத்தியம். புதுசு எங்கேயாவது நாறுமா.

கல்யாணமான புதுசில் அவன் ஜன்னலையெல்லாம் சாத்தி, வா ஒண்ணு காட்றேன் என்று கூப்பிட்டான், அவள் வேறு என்னமோ நினைத்துக் கதவோரமே நின்றாள். பீரோ மேலிருந்த அவனுடைய சொந்த மெஷினை ஓடவிட்டான், பாட்டு போடவில்லை, வெறும் தட்டு. தட்டின் விளிம்பில் வரிசையாக வெள்ளிப் புள்ளி, ஓரத்தில் சின்னதாகச் சிவப்பு விளக்கு, அந்த வெளிச்சத்தில் பார்த்தால் தட்டு அந்த ஓட்டம் ஓடுகிறது, புள்ளி மட்டும் அசையாமல் நிற்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. வேகம் சரியா இருந்தா நிக்கும், கொஞ்சம் மாறினாலும் நடக்க ஆரம்பிச்சுடும் என்றான். சாருடையது வந்தபோது புள்ளிகள் நடந்தன, பின்னால் நடந்தன, கொஞ்சம் நின்றன, மறுபடி நடந்தன, பாடுகிற அம்மா குரல் காய்ச்சல்காரி மாதிரி இழுத்து இழுத்துப் பாடியது. மீனில் கை வைத்ததிலிருந்து பொற்கொடிக்கு உள்ளே அப்படித்தான், நிற்கிறது, நடக்கிறது, சுவர்ப் பக்கம், வாசல் பக்கம். தூரத்தில், தெரு முனையில், யாரோ டிவி போட்ட சத்தம் வந்த மாதிரி இருந்தது. இல்லை, ஆட்டோவில் பாட்டு. ஆனால் நெஞ்சு அதற்குள் எழுந்து நின்றுவிட்டது, நெஞ்சுக்குப் பின்னாலேயே அவளும் எழுந்துவிட்டாள். அடுப்பு மேடைக்கு மேலே மெயின் பெட்டி. அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இது யார் செய்கிற வேலை என்று அவளுக்கே தெரியவில்லை, ஈரக் கை படாமல் மரக் கரண்டியின் காம்பால் பிடியைக் கீழே தட்டினாள். டக். அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்து ஒரு மீனை எடுத்துக் கிள்ளினாள், தலையோடு பாதி உடம்பும் போய்விட்டது. திருடி மாதிரி இருந்தது. பிள்ளை வேர்வையில் கிடக்கிறதே என்று தூளியைப் பார்த்தாள், தொங்குகிற அந்தக் காலைப் பார்த்தாள், இரு கண்ணு, இரு என்று வாய்க்குள் சொன்னாள், எதற்கு இரு என்று தெரியவில்லை.

நிஜமாகவே கரண்டு வந்தபோது தெருவே சத்தம் போட்டது. பக்கத்து வீட்டில் மிக்சி, எதிர் வீட்டில் மோட்டார், எங்கேயோ பிள்ளைகள் ஹோய் என்று கத்துவது, இந்த வீட்டில் மட்டும் காத்தாடி அசையவில்லை. எல்லாருக்கும் வந்துடுச்சு போலிருக்கே மாசி, உங்களுக்கு மட்டும் வரலையே என்றார் சார். நாற்காலி நகர்கிற சத்தம், திரை விலகுகிற சத்தம், மாசிலாமணி வந்து நேராக மேலே பார்த்தான். மெயின் ஆஃபில் இருக்கிறது. மரக் கரண்டி மேடைமேல் குறுக்காகக் கிடக்கிறது. குனிந்து அவளைப் பார்த்தான்.

“நீயா தட்டுன?”

அவள் மீனைப் பார்த்தாள். பதில் தெரியும், தெரிந்த பதில் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, டீச்சர் நிற்கிறாள், கிளாஸே திரும்பிப் பார்க்கிறது.

“ஏன்மே?”

“கடேசி நீலம் மாமா. பாப்பா பொட்ட பிச்சி எடுத்துட்டா. அப்பால நான் எந்தப் பக்கம் பாத்து வெச்சேன்னு தெர்ல.”

“காலைல கேட்டனே. பாத்துட்டேன்னு தலையாட்டுன.”

“ஆட்டுனேன்.”

அவன் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தடவை உச்சுக்கொட்டி, அந்த இரண்டு விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றான், யோசிக்கும்போது அப்படித்தான் தேய்ப்பான், தேய்ப்பது விரலுக்குத் தெரியாது. ஸ்குரூ லூசா கீதுன்னு சொல்லித் தொறங்களேன், நான் இங்கேருந்து எட்டிப் பாத்துக்கறேன் என்று அவள் கிசுகிசுத்தாள், சொல்லும்போதே தெரிந்தது அது ஆகாத கதை என்று, பார்த்தால் போதுமா, மாற்றணுமே. இன்னொரு நாள் வரச் சொல்லுங்க என்றும் சொல்லிப் பார்த்தாள். முன்னறையிலிருந்து சார், என்ன மாசி ஃபியூஸா என்று கேட்டார். மாசிலாமணி திரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான், மெயினைத் தொடாமலே போய்விட்டான். பொற்கொடி சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு கிள்ள ஆரம்பித்தாள். கிள்ள ஒன்றும் இல்லை, எல்லாவற்றுக்கும் தலை போயிருக்கிறது, தலையில்லாத மீனையே எடுத்து எடுத்துக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் மாசிலாமணி, ஓட விடறதுக்கு முன்னாடி ஒரு தபா தொறந்து பாத்துடணும் சார், ஒரு இடத்துல சந்தேகம் கீது என்கிறான். சார் குரலில் சந்தோஷம், நல்லதாப் போச்சு, இருங்க செல்லை எடுக்கறேன், நீங்க வேலை பண்றதைப் பக்கத்துல வெச்சு எடுத்துடறேன். பக்கத்து வீட்டு மிக்சி நின்றது, மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. இப்போது என்னவோ சொல்லப்போகிறான், பொய் சொல்லப்போகிறான், சொல்லட்டும், எதையாவது சொல்லித் தொலைக்கட்டும், சாமி.

“சார், என்னைய எடுக்காதீங்க. பத்த வெக்கிறது நான் இல்ல. இந்தக் கையால அயன் புடிச்சு ரெண்டு வருசம் ஆவுது. எல்லாம் அவதான்.”

சார் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஏதாவது சொன்னாரா என்றே தெரியவில்லை, காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. ஸ்குரூ டிரைவர் வைக்கிற டப்பாவைத் திறக்கிற சத்தம். அப்புறம் அவன் குரல், உரக்க, தெருவில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி, பொற்கொடி, மெயினப் போட்டுட்டு அயன எடுத்துனு வெளிய வா. வெளிய. மெயினைப் போட்டாள், காத்தாடி முனகிக்கொண்டு கிளம்பியது, தூளிக்குள் பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டது. புளியைப் பிய்த்துக் கையில் தேய்த்தாள், உப்பையும் போட்டுத் தேய்த்தாள், நெத்திலி வாசனை சீக்கிரம் போகாது, நகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த மனுஷன் செல்லை நீட்டிக்கொண்டு பக்கத்தில் குனிவார், குனிந்தால் மூக்கில் அடிக்கும், அடிக்கட்டும், கண்டென்சரிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும், கையைத்தானே எடுக்கப்போகிறார், கை நடுங்காது, அயனைப் பிடித்துவிட்டால் நடுங்காது, அது அவளுக்குத் தெரியும், சுவர்ப் பக்கமோ வாசல் பக்கமோ இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், தலைகீழாக இருந்தால் அத்தனை பேருக்கும் தெரியும், இருந்தால் இருக்கட்டும், எடுத்துத் திருப்பி வைக்கத் தெரியும், முகம்தான், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரை வரைக்கும் வந்துவிட்டாள், இந்த முகத்தை மட்டும் எங்கே கொண்டுபோய், கீழே போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டால், ஆனால் அவர் ஏதாவது கேள்வி கேட்டுவிட்டால், நிமிர்ந்துதானே, அப்போது அவள் முதலில் என்ன

“வாம்மே, சார் காத்துனு கீறாரு.”